பாவம் பழகிவிட்டால் அதற்குப் பெயர் வழக்கம்

டெபிட், கிரெடிட், ஜிஎஸ்டி என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று பாவம், மனந்திரும்புதல் என்று ஆரம்பித்துவிட்டானே என்று வகுப்பு நண்பர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் படியுங்கள். இதில் சொல்லப்போகும் விஷயம் வேறு பெயரில் உங்கள் வீட்டிலும் இருக்கும்.

வாலிபர் கூட்டங்களுக்குப் போய் வந்தவர்களுக்கு ஒரு பட்டியல் மனப்பாடமாகத் தெரியும். குடி, சிகரெட், செல்போனில் பார்க்கக் கூடாததைப் பார்ப்பது, பொய், கோபம், காலையில் வேதம் வாசிக்காமல் எழுந்து ஓடுவது. கூட்டத்தின் கடைசி இரவில் கீபோர்டு மெதுவாக வாசிக்க, "விட முடியாத பாவம் ஏதாவது உன்னிடம் இருக்கிறதா?" என்று பிரசங்கியார் கேட்பார். கைகள் உயரும். அழுகை வரும். அந்த அழுகை நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். விட நினைத்து விட முடியாமல் தவிப்பது எவ்வளவு பெரிய வேதனை என்பது தவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அழுகை வருகிறது என்றால் அந்த இடத்தில் இன்னும் உணர்ச்சி இருக்கிறது என்று அர்த்தம். பல் வலிக்கிறவன் டாக்டரிடம் போய்விடுவான். வலியே இல்லாமல் உள்ளே சொத்தை பரவுகிறவன்தான் போக மாட்டான். பழக்கமாகிப்போன பாவங்களிலேயே மிக ஆபத்தானது நாம் அழுதுகொண்டே செய்வது அல்ல, அழாமல் செய்வது. செய்துவிட்டு ராப்போஜனம் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுத் தூங்குவது.

அகஸ்டின் என்று ஒரு பெரியவர் வட ஆப்பிரிக்காவில் இருந்தார். கி.பி. 400 வாக்கில் தன் வாழ்க்கையையே ஒரு பாவ அறிக்கையாக எழுதினார். அதில் அவர் காட்டும் வரிசை இது: தவறான விருப்பம் ஆசையாகிறது. ஆசைக்கு இடம் கொடுத்தால் பழக்கமாகிறது. பழக்கத்தை எதிர்க்காமல் விட்டால் அது இல்லாமல் முடியாது என்ற கட்டாயமாகிறது. ஒரு சங்கிலியின் கண்ணிகள் மாதிரி. என்னைக் கேட்டால் இந்தச் சங்கிலியில் இன்னும் ஒரு கண்ணி உண்டு. கட்டாயமானது சில தலைமுறைகள் நீடித்தால் வழக்கம் ஆகிவிடும். "எங்க வழக்கம் அப்படி" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டால் அதற்கு மேல் யாரும் அதைப் பாவம் என்று கூப்பிட மாட்டார்கள்.

ஆடிட்டிங் பேப்பர் படித்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒரு கம்பெனி கணக்கில் ஒரு குறையை ஆடிட்டர் முதல் வருடம் எழுதுகிறார். நிர்வாகம் பதறுகிறது. இரண்டாம் வருடமும் எழுதுகிறார், "சரி செய்துகொண்டிருக்கிறோம்" என்று பதில் வருகிறது. ஐந்தாம் வருடம் அதே குறிப்பு அதே வார்த்தைகளில் அச்சாகிறது, யாரும் படிப்பதுகூட இல்லை. குறை அப்படியேதான் இருக்கிறது. அதைப் பார்க்கிற கண் போய்விட்டது. இதைத்தான் நான் மெத்தனம் என்கிறேன்.

பக்தி இல்லாதவர்களுக்குத்தான் இப்படி ஆகும் என்று நினைக்காதீர்கள். ஜான் நியூட்டன் கதையைப் பாருங்கள். "அமேஸிங் கிரேஸ்" பாட்டை எழுதியவர். 1748-ல் நடுக்கடலில் புயலில் மாட்டி, கடவுளைக் கூப்பிட்டு, மனம் மாறியவர். இந்த அளவு நாம் எல்லோரும் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். பிரசங்கத்தில் பெரும்பாலும் வராத பகுதி இனிமேல்தான். மனம் மாறிய பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களுக்குக் கேப்டன் ஆனார். 1750 முதல் 1754 வரை. மேல்தளத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மனிதர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். கடல் தொழிலை விட்டதும்கூட மனசாட்சியால் அல்ல, உடம்பு சரியில்லாமல் போனதால். 1764-ல் போதகரானார். அந்தப் புகழ்பெற்ற பாட்டை 1772-ல் எழுதினார். அடிமை வியாபாரத்துக்கு எதிராகப் பகிரங்கமாக ஒரு சிறு நூல் எழுதியது 1788-ல். கப்பலை விட்டு 34 வருடம் கழித்து!

நியூட்டன் போலி பக்தர் இல்லை. அவர் ஜெபம் உண்மையானது, கண்ணீர் உண்மையானது. வாயில் கெட்ட வார்த்தை வருவதை உடனே பாவம் என்று உணர்ந்தார், மனிதனை விற்பதை உணரவில்லை. ஏன்? கெட்ட வார்த்தை பேசினால் சுற்றி இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். மனிதனை விற்றால் அன்றைய இங்கிலாந்தில் அது கௌரவமான தொழில். சமூகம் முகம் சுளிக்காத பாவத்தைத் தனி மனிதன் பாவமாக உணர்வது அவ்வளவு கஷ்டம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நமக்கு, சுற்றி இருக்கிற யாரும் முகம் சுளிக்காததால் நாமும் பாவமாக உணராத ஒன்று எது? நான் சுற்றி வளைக்கவில்லை. சாதி.

"ஆரம்பிச்சுட்டான்" என்று மூடிவிடாதீர்கள். நான் என்ன சாதி என்று உள்ளுக்குள் ஒரு கேள்வி எழுந்தால், அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

பாவத்தைச் செங்கல் வைத்துக் கட்டிய ஒரு இடம் நம் மாநிலத்தில் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம். அங்கே 1872-ல் கட்டப்பட்ட கத்தோலிக்கக் கோயிலுக்கு இரண்டு கூடங்கள். பீடத்திலிருந்து கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்து போகும். ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார், நடுவில் சுவர். இரண்டு பக்கத்தவரும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. யோசித்துப் பாருங்கள். கோபத்தில் ஒருவன் அடித்துவிட்டால் அது ஒரு நிமிஷப் பாவம். இதற்கு வரைபடம் போட்டார்கள், காணிக்கை வசூலித்தார்கள், கொத்தனார் வைத்தார்கள், கட்டி முடித்து மந்திரிக்கவும் செய்தார்கள். எங்கள் பாடத்தில் இதற்குப் பெயர் நிலையான சொத்து! 1910-ல்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து வழக்குப் போட்டார்கள், அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சாதியைச் சொல்லிக் கோயிலுக்குள் தனி இடம் கேட்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. மனந்திரும்ப வேண்டிய விஷயத்தை மேல்முறையீடு செய்த சபை நாம்.

புராட்டஸ்டண்ட் நண்பர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய காலத்திலிருந்தே சாதி வாரியாகத் தனித்தனியாக உட்காரும் வழக்கத்தை மிஷன் பொறுத்துக்கொண்டது. தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயரும் அப்படித்தான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. போகப் போகத் தானாக மறையும், இப்போதைக்கு விடுவோம் என்று நினைத்தார்கள்.

இந்த "இப்போதைக்கு" என்பதுதான் விஷயம். கணக்கு டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தைத் தற்காலிகமாக சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோம். தப்பு கிடைத்ததும் சரி செய்து அந்தக் கணக்கை மூடிவிட வேண்டும். மூடாமல் வருடா வருடம் கொண்டுபோனால் அது மோசடி. தமிழ்ச் சபை சாதியை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு 300 வருடம் தாண்டிவிட்டது.

மூட முயன்றவர்களும் உண்டு. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, முழுமையாக விட வேண்டும் என்றார். என்ன ஆனது? சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் நிறைய பேர் சாதியை விடவில்லை, கோயிலை விட்டார்கள். திருச்சபையில் இன்றும் பாடப்படும் எத்தனையோ பாடல்களைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரே (1774–1864), சாதி வழக்கத்தை ஒழிக்க வந்த புதிய மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர். அவர் பாடல்களை நான் விரும்பிப் பாடுகிறவன், இனியும் பாடுவேன். நியூட்டன் பாட்டையும்தான். ஆனால் பாட்டு நன்றாக இருப்பதால் பாடியவர் கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது என்று ஆகிவிடாது. நமக்கும் அதே விதிதான்.

அன்று சொன்ன வாதம் என்ன தெரியுமா? சாதி மத விஷயம் இல்லை, அது உலக வழக்கம், சுத்தம், மரியாதை சம்பந்தப்பட்டது, இதில் விசுவாசம் எங்கே வந்தது என்பதுதான். இன்றும் இதே வாதம்தான், வார்த்தைதான் மாறியிருக்கிறது. "நாங்க சாதி எல்லாம் பார்க்கிறதில்ல தம்பி. ஆனா பழக்க வழக்கம் ஒத்துப்போகணும்ல, நம்ம ஆளுங்களா இருந்தா பிள்ளைக்கு நல்லது." இதைச் சொல்கிற அங்கிள் ஆன்ட்டி எல்லோரும் நல்லவர்கள். நமக்காக உபவாசம் இருந்து ஜெபிக்கிறவர்கள். அதுதான் கஷ்டமே.

இந்த வாதத்துக்குப் பதில் புதிய ஏற்பாட்டிலேயே இருக்கிறது, கலாத்தியர் 2-ஆம் அதிகாரம். அந்தியோகியாவில் பேதுரு யூதர் அல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் மெல்ல எழுந்து தனியாகப் போய்விட்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்கள், கடைசியில் பர்னபாவும்கூட. கவனியுங்கள், பேதுரு உபதேசத்தில் ஒரு வரியையும் மாற்றவில்லை. இயேசுவை மறுதலிக்கவில்லை. பந்தியை மட்டும்தான் மாற்றினார். வெறும் "பழக்க வழக்கம்". ஆனால் பவுல் அதைச் சுவிசேஷத்துக்கே விரோதம் என்று எடுத்துக்கொண்டார். தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்லவில்லை, எல்லோர் முன்னாலும் முகத்துக்கு நேரே கேட்டார். பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார் என்பது விசுவாச விஷயம்தான் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

ஒன்று எறையூர், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம். பெரிய கத்தோலிக்கப் பங்கு. வன்னியர் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள். சவ ஊர்வலம் எந்தப் பாதையில் போவது, யாரை எங்கே புதைப்பது என்பதில் தொடர்ந்த பாகுபாட்டைத் தாங்க முடியாமல் தலித் மக்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, அதுவும் தவக்காலம். தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. கலவரத்தில் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். இரண்டு பக்கமும் நெற்றியில் ஒரே சாம்பல் புதன் சாம்பல் பூசியவர்கள்.

இன்னொன்று திருச்சி மேலப்புதூர். அங்கே உள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் புதைக்கும் பகுதியைப் பிரித்து ஒரு சுவர். அதை இடிக்கச் சொல்லிப் பல வருடப் போராட்டம். உயிர்த்தெழும் நாளில் எல்லோரும் ஒன்றாக எழுந்திருப்போம் என்று அடக்க ஆராதனையில் சொல்லிவிட்டு, அதுவரை சுவருக்கு இந்தப் பக்கம் கிடக்கட்டும் என்றால், நாம் எதை நம்புகிறோம்?

மேலே இருப்பவர்கள் பார்க்காமல் இல்லை. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் ரோமுக்குப் போனபோது போப் இரண்டாம் ஜான் பால் இதை நேரடியாகவே கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, சபைக்குள் தீண்டாமை இருப்பதைத் தன் கொள்கை அறிக்கையில் எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. பாமாவின் "கருக்கு" நாவல் 1992-லேயே கன்னியர் மடத்துக்குள் இருக்கும் சாதியைப் பேசியது. ஆடிட்டர்கள் எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். நாம்தான் அந்தப் பக்கத்தைத் திருப்புவதில்லை.

இப்போது எங்கள் பக்கம். எறையூரைப் பற்றிப் படித்துக் கோபப்படுவது எளிது. தாவீதும் நாத்தான் சொன்ன ஆட்டுக்குட்டிக் கதையைக் கேட்டுக் கோபப்பட்டார், நாத்தான் விரலை அவர் பக்கமே திருப்பும் வரை. பக்கத்து மாவட்டப் பாவத்துக்காகக் கோபப்படுவதும் ஒரு தூக்க மாத்திரைதான்.

வெம்பாக்கம், செய்யாறு, ஆரணி எல்லாம் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் ஊழியம் செய்த பகுதி. 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கியது. அந்தக் குடும்பத்தில் வந்த ஐடா ஸ்கடர்தான் 1900-ல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு ஆரம்பம் போட்டவர். இந்த மிஷன் சபைகளில் கிராமத்து மக்களில் பெரும்பாலோர் சேரியிலிருந்து வந்தவர்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தலை நிமிர்ந்து நடக்கும் தைரியம் எல்லாம் அதில் வந்தது. அதை மறைத்து எழுதினால் நன்றி கெட்டதனம். ஆனால் அதனாலேயே "எங்க சபையில எல்லாரும் ஒரே மக்கள், இந்தப் பிரச்சினை எங்களுக்கு இல்லை" என்று சொல்ல முடியுமா? ஏன் எல்லோரும் ஒரே மக்களாக இருக்கிறோம் என்று யாராவது கேட்டோமா? ஊர்ப் பக்கத்தில் ஒருவர் இயேசுவை ஏற்றுக்கொண்டால், காலனியில் இருக்கும் ஆலயத்தைத் தாண்டி, பஸ் ஏறி டவுன் சபைக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். "அங்க அபிஷேகம் அதிகம்" என்று காரணம் சொல்வார்கள். இருக்கலாம். பஸ் டிக்கெட்டில் வேறு ஏதாவதும் சேர்ந்திருக்கிறதா என்று அவர்கள்தான் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பட்டுத்தறி இருக்கும் வீட்டுக்குப் போனவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். ஒரு பாவு நெய்து முடிந்ததும் அடுத்த பாவை முதலிலிருந்து கோர்க்க மாட்டார்கள். பழைய பாவின் முனையைத் தறியிலேயே விட்டு, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய இழையோடு முறுக்கி இணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், பொறுமையான வேலை. நேரம் மிச்சம், வரிசையும் மாறாது. நூல் புதுசு, நிறம் புதுசு, ஆனால் எந்த இழை எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது பழைய பாவு சொன்னபடிதான். தறிக்கு இது நல்ல முறை. ஞானஸ்நானத்துக்கு நல்ல முறை இல்லை. நாம் செய்தது அதைத்தான். பெயர் புதுசு, வேதம் புதுசு, பாட்டு புதுசு. யார் எந்த இடம் என்பது மட்டும் பழைய முனையிலேயே முறுக்கியது.

நம்பிக்கை இல்லை என்றால் கிறிஸ்தவ மணமேடை விளம்பரங்களைப் படியுங்கள். இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற, ஜெப வாழ்க்கை உள்ள, அபிஷேகம் பெற்ற மணமகள் தேவை. அப்புறம் ஒரே ஒரு சொல், சாதிப் பெயர். அந்த ஒரு சொல் மேலே உள்ள எல்லாச் சொற்களையும் தோற்கடித்துவிடும். மறுபிறப்பு அடைந்தவர் வேண்டும், ஆனால் முதல் பிறப்பு எந்த வீட்டில் என்பது முக்கியம்.

இரண்டு எதிர்வாதங்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது: "கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்கிறீர்கள், அப்புறம் தலித் கிறிஸ்தவர்களுக்கு எஸ்சி சலுகை கேட்பது ஏன்?" 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி எஸ்சி தகுதி இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்களுக்கும் தர வேண்டும் என்று 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. நியாயமான கோரிக்கை என்றுதான் நானும் சொல்வேன். ஞானஸ்நானம் எடுத்ததால் ஊர்க்காரன் டீக்கடையில் நடத்தும் விதம் மாறிவிடவில்லையே. ஆனால் இந்தக் கோரிக்கையைச் சபை அரசாங்கத்திடம் எடுத்துப் போகும்போது ஒரு கேள்வி திரும்பி வரும். வெளியில் மாறவில்லை, சரி. உள்ளே ஏன் மாறவில்லை? கல்லறைச் சுவரை அரசாங்கமா கட்டியது?

இரண்டாவது: "ஜெபித்தால் தேவன் மாற்றுவார், நாம் பேசிப் பிரிவினை உண்டாக்கக் கூடாது." பிரிவினை ஏற்கனவே இருக்கிறது. பேசுவது அதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஜெபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. சகேயு கதையைத்தான் நினைவுபடுத்துகிறேன். இயேசு வீட்டுக்கு வந்ததும் அந்த வரி வசூலிப்பவர் அழுதார் என்று லூக்கா எழுதவில்லை. எழுந்து நின்று கணக்குச் சொன்னார் என்றுதான் இருக்கிறது. பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நாலு மடங்கு திருப்பி. தொகையோடு வந்த மனந்திரும்புதல். வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். செயல் இல்லாத பாவ அறிக்கையும் அப்படித்தான்.

அப்படியானால் என்ன செய்வது? பெரிய மாநாடு எல்லாம் வேண்டாம். நம் வயதுக்காரர்கள் செய்யக் கூடியதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பெயர் சொல்லுங்கள். வாலிபர் கூட்டத்துப் பாவப் பட்டியலில் செல்போனுக்கும் சிகரெட்டுக்கும் பக்கத்தில் சாதி என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பிரசங்கியார் தயங்கினால் ஏன் தயங்குகிறார் என்று மரியாதையாகக் கேளுங்கள். பெயர் இல்லாத பாவத்திலிருந்து யாரும் மனந்திரும்ப முடியாது. லேவியராகமம் 5-ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் உண்டு. தெரியாமல் செய்த பாவமானாலும், தெரிய வந்த அன்றைக்கு அது அவன் பொறுப்பு. இன்றைக்கு நமக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, பந்தி. காலனி நண்பனை நம் வீட்டுக்குக் கூப்பிட்டு "நாங்க வித்தியாசமே பார்க்கிறதில்ல" என்று பெருமைப்படுவது பாதிதான். அவன் வீட்டுக்குப் போய், அவன் அம்மா கொடுக்கும் தண்ணீரைக் குடித்து, அவர்கள் தட்டில் சாப்பிட்டு வருவதுதான் மீதி. அதையும் சாதனையாக எண்ணி போட்டோ எடுக்காமல் வர வேண்டும்.

மூன்றாவது, கல்யாணம். இன்னும் சில வருடங்களில் நம் பயோடேட்டாவை வீட்டில் தயாரிப்பார்கள். அதில் அந்த ஒரு வரியை எழுத வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. வீட்டில் சண்டை வரும், அம்மா அழுவார்கள். யாரையும் காதலித்துத்தான் சாதியை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பெற்றோர் பார்க்கும் வரனாகவே இருக்கட்டும், தேடும் வட்டத்துக்கு அந்தச் சுவர் வேண்டாம் என்கிறேன். நம்மில் பலருக்கு விசுவாசத்துக்காக நிஜமாகவே எதையாவது இழக்க வேண்டி வரும் ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும். சிகரெட்டை விட்டால் எல்லோரும் கைதட்டுவார்கள். இதை விட்டால் யாரும் கைதட்ட மாட்டார்கள். அதனால்தான் இதில் தெரிந்துவிடும்.

நான்காவது, கல்லறை. உங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். யார் எங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள், எந்த வழியாகக் கொண்டுவருகிறார்கள் என்று மூப்பர்களைக் கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் சந்தோஷம். இல்லாவிட்டால் அதைக் கமிட்டி கூட்டத்தில் எழுத்தில் கொடுங்கள். அடுத்த வருடமும் கொடுங்கள்.

லவோதிக்கேயா சபைக்கு வந்த கடிதம் வெளிப்படுத்தின விசேஷம் 3-ல் இருக்கிறது. அந்தச் சபையைக் கொலைகாரர்கள் என்றோ விக்கிரகக்காரர்கள் என்றோ அது குற்றம் சாட்டவில்லை. வெதுவெதுப்பாக இருக்கிறீர்கள், ஒன்றும் குறைவில்லை என்று நினைத்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. கதவுக்கு வெளியே நின்று தட்டுகிறவராக இயேசுவைக் காட்டும் படம் நம் எல்லோர் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. அந்தப் படம் இந்தக் கடிதத்திலிருந்து வந்ததுதான். உள்ளே வந்து என்ன செய்வேன் என்கிறார் என்று பாருங்கள். கதவைத் திறந்தவனோடு உட்கார்ந்து சாப்பிடுவேன் என்கிறார். அவர் யாரை எல்லாம் கூட அழைத்துக்கொண்டு வருவார் என்று சுவிசேஷம் படித்த எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கும் சேர்த்து இலை போடத் தயாரா என்பதுதான் நம் முன் இருக்கும் கேள்வி.